700 கிராமுக்கு ஒரு லட்சமா? மவுண்டன் பைக் ஃப்ரேம் வாங்கும் முன் ஒரு கணக்கு

பெண்ணாடத்தில் மலை கிடையாது. கடலூர் மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ரயில் நிற்கும் ஊர். படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்த தூங்கானை மாடக் கோயில், சர்க்கரை ஆலை, கரும்பு ஏற்றிக்கொண்டு அசைந்து அசைந்து போகும் டிராக்டர்கள், பக்கத்தில் வெள்ளாறு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தரை சமமாகத்தான் கிடக்கிறது.

ஆனால், மவுண்டன் பைக் ஆசை வர மலை அவசியமில்லை. கரும்புத் தோட்டத்துக்குள் டிராக்டர் டயர் உழுதுவிட்டுப் போன வண்டிப்பாதை, ஆற்றங்கரை மணல், ஐப்பசி மழைக்குப் பிறகு சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் களிமண்... இவை போதும். கரடுமுரடான பாதையில் சைக்கிளை அடக்கி ஓட்டத் தெரிந்துவிட்டால், மலையேறும் மூச்சைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். பச்சைமலையும் கல்வராயன் மலையும் ஒரு பஸ் பயணத் தூரம்தான்.

பள்ளியில் கிடைத்த விலையில்லா சைக்கிளில் இந்தப் பாதைகளைச் சுற்றிவந்த ஒரு மாணவனுக்கு ரேஸ் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2001-ல் தொடங்கிய அந்தத் திட்டம் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு முதல் சைக்கிளைக் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் போய்வர அதைவிட உறுதியான வண்டி வேண்டியதில்லை. கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து கனமான வண்டி அது. அதை வைத்துக்கொண்டு காட்டுப்பாதை ரேஸில் நிற்க முடியாது. மாணவன் இன்டர்நெட்டில் தேடுகிறான். 'கார்பன் ஃப்ரேம், வெறும் ஒரு கிலோ' என்று ஒரு படம் வருகிறது. விலையைப் பார்த்தால் அப்பாவின் பல மாத வருமானம். வீட்டில் அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் அம்மாவின் நகையைப் பற்றித்தான் இருக்கும்.

இந்த ஆசையை 'பொழுதுபோகாத வேலை' என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தேசிய அளவில் பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் படிப்புக்கும் வேலைக்கும் வழி பிறக்கிறது. ரயில்வேயும் ராணுவமும் சைக்கிள் வீரர்களைத் தங்கள் அணிகளில் வைத்திருக்கின்றன. இமாசலப் பிரதேசத்தில் 2005-ல் தொடங்கிய 'எம்டிபி ஹிமாலயா' பந்தயம், இந்தியாவில் இப்படியொரு விளையாட்டு இருப்பதையே பலருக்குக் காட்டியது. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப், திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் பொன்முடி மலையில் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி தரும் போட்டி, நம் எல்லையை ஒட்டிய மலையிலேயே!

ஆக, ஆசை நியாயமானது. பணம் குறைவு. அப்படியானால் எந்த ஃப்ரேம்?

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

சைக்கிளின் எலும்புக்கூடுதான் ஃப்ரேம். முன்பக்கம் பெரிய முக்கோணம், பின்பக்கம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சின்ன முக்கோணம். ஓட்டுபவரின் எடை, பெடலை மிதிக்கும் விசை, பாறையில் இடிக்கும் அதிர்ச்சி எல்லாம் இந்த இரண்டு முக்கோணங்களுக்குள்தான் போய்வருகின்றன.

மவுண்டன் பைக் பிறந்த கதையே ஃப்ரேம் தாங்காத கதைதான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், மரின் என்ற பகுதியில் சில இளைஞர்கள் பழைய, தடித்த டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், தீயணைப்பு வண்டிகளுக்காகப் போட்ட மண்பாதையில் தடதடவென்று இறக்குவார்கள். 1976-ல் அதை ஒரு பந்தயமாகவே தொடங்கினார்கள். பெயர், 'ரீபேக்'. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் அந்தக் காலத்து பிரேக், கீழே வருவதற்குள் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'மறுபடி அடைப்பது' என்று பொருள் தரும் சொல்லே பந்தயத்தின் பெயராகிவிட்டது.

அந்தச் சைக்கிள்கள் 20 கிலோவுக்குக் குறையாது. ஃப்ரேம்களும் அடிக்கடி உடைந்தன. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-ல் இந்த வேலைக்கென்றே குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களை வைத்து ஒரு ஃப்ரேம் செய்தார். இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற பெயரில் ஆலையில் மொத்தமாகச் செய்து விற்கத் தொடங்கியது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இடம் கிடைத்துவிட்டது. கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு 20 வருஷத்தில் ஒலிம்பிக் மேடை!

ஆணி செய்தவரின் யோசனை

எடையைக் குறைக்கும் தந்திரம் அதற்கும் வெகுகாலம் முந்தையது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் ரெனால்ட்ஸ் குடும்பம் ஆணி செய்து விற்றுவந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ், 1897-ல் ஒரு குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிள் குழாய் உடைவதெல்லாம் பெரும்பாலும் இணைப்பு இருக்கும் முனைகளில்தான். நடுவில் அவ்வளவு பாரம் இல்லை. அப்படியிருக்க, குழாய் முழுக்க ஒரே தடிமன் எதற்கு? முனைகளைத் தடிமனாக வைத்து, நடுப்பகுதியை உள்பக்கமாக மெலிதாக்கினார். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தராசில் வைத்தால் தெரியும். இதைத்தான் 'பட்டட் ட்யூப்' என்கிறார்கள். இன்றைக்கும் கடையில் ஃப்ரேம் விவரச் சீட்டில் 'டபுள் பட்டட்', 'ட்ரிபிள் பட்டட்' என்று எழுதியிருந்தால், அது இந்த ஆணிக்காரரின் யோசனைதான்.

1935-ல் அதே ரெனால்ட்ஸ் நிறுவனம் '531' என்ற எஃகுக் குழாயைக் கொண்டுவந்தது. பல பத்தாண்டுகளுக்கு ஐரோப்பாவின் ரேஸ் சைக்கிள் என்றால் அந்த ஸ்டிக்கர்தான் கௌரவம். அந்தச் சமயத்தில் ரெனால்ட்ஸ், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய குழுமத்தின் கீழ் இருந்தது.

இந்தக் குழுமத்தின் பெயரில் இருக்கும் இரண்டு முதலெழுத்துகள், சென்னைக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. டி.ஐ! 1949-ல் முருகப்பா குழுமம் அந்த ஆங்கிலேய நிறுவனத்தோடு கைகோத்து அம்பத்தூரில் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். வயல்வெளிக்கு நடுவே எழும்பிய அந்த ஆலையில் இருந்துதான் ஹெர்குலிஸ் வண்டிகள் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்தன. பால்காரரும் தபால்காரரும் வாத்தியாரும் மிதித்தவை அவை. குழாயையும் இங்கேயே செய்வோம் என்று 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை ஐரோப்பிய ரேஸ் வீரர்களுக்கு இறகு மாதிரி குழாய் செய்துகொண்டிருந்தபோது, இன்னொரு கிளை இங்கே நெல் மூட்டையோடு மூன்று பேர் ஏறினாலும் அசையாத வண்டியைச் செய்துகொண்டிருந்தது. இரண்டுமே சரிதான். நமக்கு அப்போது தேவைப்பட்டது மூட்டை தாங்கும் வண்டி.

ரேஸ் ஆசையும் ஜிம் ஆசையும் நகரங்களில் பரவிய பிறகு, அதே நிறுவனம் 2011-ல் 'மான்ட்ரா' என்ற பெயரில் அலாய் ஃப்ரேம் சைக்கிள்களைக் கொண்டுவந்தது. லூதியானாவின் ஹீரோ சைக்கிள்ஸ், 2015-ல் ஃபயர்ஃபாக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. பிரான்ஸின் டெகாத்லான் தன் 'ராக்ரைடர்' வண்டிகளோடு பெரிய ஊர்களில் கடை பரப்பியது. 20 வருஷத்துக்கு முன்பு இந்தியாவில் ஒரு உருப்படியான மவுண்டன் பைக் வாங்க நினைத்தவருக்கும், இன்று வாங்க நினைப்பவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எஃகு, அலாய், கார்பன்

எஃகின் அடர்த்தி, தண்ணீரைப்போல ஏறக்குறைய 7.8 மடங்கு. அலுமினியம் 2.7 மடங்கு. டைட்டானியம் 4.5. கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கலவை 1.6-க்குப் பக்கத்தில். இதை மட்டும் பார்த்தால் அலுமினிய ஃப்ரேம், எஃகு ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்குதான் எடை இருக்க வேண்டும். அப்படி இருப்பதில்லை. ஏனென்றால், வளைக்க முயன்றால் எதிர்த்து நிற்கும் விறைப்பிலும் அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அலாய் ஃப்ரேம் குழாய்கள் குண்டு குண்டாக இருக்கின்றன. குழாயின் விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே விறைப்பு பல மடங்கு ஏறும். அது அழகுக்காகச் செய்த வடிவம் இல்லை.

ரேஸுக்கான, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கும் 29 அங்குலச் சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத இந்த வகைக்கு 'ஹார்டுடெயில்' என்று பெயர். சுமாராகச் சொன்னால், இதன் வெறும் ஃப்ரேம் சாதாரண எஃகில் 3 கிலோவைத் தொடும். நல்ல குரோமோலி எஃகில் இரண்டேகால், இரண்டரை கிலோ. மலிவான அலாயில் 2 கிலோ. பட்டட் குழாய் போட்ட நல்ல அலாயில் 1.6 முதல் 1.8 கிலோ. கார்பனில் ஒரு கிலோ சொச்சம். உலகக் கோப்பை வீரர்கள் ஓட்டுவது அதற்கும் கீழே.

கார்பனின் விலைக்குக் காரணம் இருக்கிறது. பிசின் தோய்த்த இழைத் துணியை, எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்று கணக்குப் பார்த்துக் கையால் அடுக்கி, அச்சில் வைத்துச் சூடுபடுத்தி எடுக்கிறார்கள். ஒவ்வொரு சைஸுக்கும் தனி அச்சு. யந்திரத்தைவிடக் கைவேலை அதிகம். அதனால் ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. அந்த வேலைக்கு அந்த விலை. நமக்கு அது வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அலாயின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். சைக்கிளில் அதிகம் புழங்கும் 6061 அலுமினியத்தில் மக்னீசியமும் சிலிக்கானும் கலந்திருக்கும். வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி அது வலுவிழந்துவிடும். அதனால் வெல்டிங் முடிந்த ஃப்ரேமை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் பதப்படுத்துகிறார்கள். அதற்குத்தான் 'டி6' என்று முத்திரை. 'அலாய் ஃப்ரேம்' என்று மட்டும் போட்டு, எந்த அலாய், எந்தப் பதம் என்று சொல்லாத வண்டியை ரேஸுக்கு வாங்க யோசிக்கலாம். இன்னொன்று, எஃகு ஓர் அளவுக்கு உட்பட்ட அதிர்வை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியம் அப்படியில்லை. சின்ன அதிர்வுகளும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விரிசலாக வரும். ஐ.எஸ்.ஓ 4210 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தில், பெடல் மிதிப்பதுபோல ஒரு லட்சம் தடவை விசை கொடுத்து ஃப்ரேமைச் சோதிப்பது இதற்காகத்தான். அந்தத் தரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, ஸ்டிக்கரின் அழகைப் பார்ப்பதைவிட முக்கியம்.

ஏற்றத்தில் 700 கிராம் எவ்வளவு?

1.7 கிலோ அலாய் ஃப்ரேமுக்கும் ஒரு கிலோ கார்பன் ஃப்ரேமுக்கும் வித்தியாசம் 700 கிராம். முழு வண்டியாக வாங்கும்போது இந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாயாகவோ அதற்கு மேலோ மாறிவிடுகிறது. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன?

60 கிலோ எடையுள்ள மாணவன், 13 கிலோ வண்டி. மொத்தம் 73 கிலோ. 700 கிராம் என்பது அதில் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் கிட்டத்தட்ட எடையைப் பொறுத்தே மாறும். எனவே, 20 நிமிட ஏற்றம் ஒன்றில் மிச்சமாவது 11, 12 வினாடி. ஒலிம்பிக் பாணி கிராஸ்கன்ட்ரி ரேஸ் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதில் பாதி நேரம் ஏற்றம் என்றாலும் மொத்தம் அரை நிமிடத்துக்குள்தான். சமதளத்தில் இந்த எடைக்கு மதிப்பே இல்லை.

அரை நிமிடம், உலக மேடையில் தங்கத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள தூரம். அங்கே கார்பன் வேண்டும். முதன்முதலாக மாநில அளவிலான ரேஸில் நிற்கப்போகும் பிள்ளை, பயிற்சியிலேயே சில மாதத்தில் இதைப்போலப் பல மடங்கு நேரத்தைக் குறைத்துவிடும். சாலை ரேஸில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேசக் கூட்டமைப்பின் விதியே இருக்கிறது. மவுண்டன் பைக்குக்கு அப்படி எல்லை இல்லை. அதனால் இந்த எடைப் பைத்தியத்துக்கும் எல்லை இல்லை!

பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு ரேஸின் முதல் பாதியிலேயே டயர் பஞ்சர். சக்கரம் மாற்றிக்கொண்டு கிளம்பும்போது முன்னால் போனவர்கள் அரை நிமிடத்துக்கு மேல் தள்ளிப் போய்விட்டார்கள். ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸ் வீரரையும் தாண்டித் தங்கம் வாங்கினார். அவருக்குச் சக்கரம் மாற்றித்தர ஆள் நின்றது. பெண்ணாடத்தில் இருந்து தனியாகப் போகும் மாணவனுக்கு யார் நிற்பார்கள்? அவனே உட்கார்ந்து ட்யூபை மாற்றினால் ஐந்து நிமிடம் போய்விடும். ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய அரை நிமிடத்தை ஒரு முள் தின்றுவிடும்.

நம்ம ஊரில் அந்த முள்ளுக்குப் பஞ்சமா? ஏரிக்கரை, ஓடைக்கரை, புறம்போக்கு என்று எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம்.

அதே 700 கிராம், வேறு இடத்தில்

மவுண்டன் பைக்கின் எடை பெரும்பாலும் ஃப்ரேமில் இல்லை. சக்கரம், டயர், ஃபோர்க், கியர் இவற்றில்தான் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.

முதலில் டயர். ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்த சாதாரண டயரும், மடிக்கக்கூடிய டயரும் ஒரே அளவுதான். ஆனால், மடிக்கும் டயர் ஒன்றுக்கு 150 கிராமாவது குறைவாக இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 300. அடுத்து, உள்ளே இருக்கும் ட்யூபைத் தூக்கிவிட்டு, 'ட்யூப்லெஸ்' ஆக்கி சீலன்ட் திரவம் ஊற்றினால், சக்கரத்துக்கு இன்னும் 100 கிராம் போல மிச்சம். எடையைவிடப் பெரிய லாபம், கருவேல முள் ஏறினாலும் அந்தத் திரவம் தானே ஓட்டையை அடைத்துவிடும். காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம் என்பதால் மணலிலும் வேரிலும் பிடிமானம் கூடும். ரிம் இதற்கு ஏற்றதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மடிக்கும் டயர், ட்யூப்லெஸ் இரண்டுக்கும் ஆகும் செலவு சில ஆயிரங்கள். 500 கிராம் வந்துவிட்டது.

முன்னால் மூன்று சக்கரப்பல், பின்னால் ஏழு, 'மொத்தம் 21 கியர்' என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். ரேஸில் ஓடும் வண்டிகளைப் பாருங்கள். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம்தான். பின்னால் பெரிய கேசட். கியர் எண்ணிக்கை குறைவு, எடையும் குறைவு, செயின் கழன்று விழுவதும் குறைவு. முன்பக்க டிரெயிலர், அதன் கம்பி, லீவர், இரண்டு பல்சக்கரம் எல்லாம் போனால் 300 கிராமாவது குறையும். முதலிலேயே இப்படி வரும் வண்டியை வாங்குவது உத்தமம். பிறகு மாற்றினால் செலவு கூடும்.

ஃபோர்க், பணம் வந்து சேரும்போது செய்ய வேண்டிய வேலை. மலிவான வண்டிகளில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரை கிலோ இருக்கும். காற்று அடைத்த ஃபோர்க் 2 கிலோவை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வரும். எடை ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்பிரிங் ஃபோர்க்கின் விறைப்பு 80 கிலோ ஆளுக்கும் 50 கிலோ ஆளுக்கும் ஒன்றுதான். காற்று ஃபோர்க்கில் தன் எடைக்கு ஏற்ப பம்பு வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். மெலிந்த உடம்பு உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இது பெரிய வித்தியாசம்.

கூட்டிப் பாருங்கள். ஃப்ரேமைத் தொடாமலேயே ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது.

அப்படியானால் ஃப்ரேமில் பார்க்க வேண்டியது என்ன?

மேலே சொன்ன மாற்றங்களை எல்லாம் ஏற்றுக்கொள்ளும் ஃப்ரேமாக அது இருக்க வேண்டும். விலைக்கு மதிப்பு என்பது இங்கேதான் இருக்கிறது. 100 கிராம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கு நல்ல பாகம் போட வழி உள்ள ஃப்ரேம் மலிவு. எடை குறைந்தும் வழி அடைபட்ட ஃப்ரேம் விலை அதிகம்.

ஹேண்டில்பார் செருகும் முன்குழாயைப் பாருங்கள். கீழ்ப்பக்கம் அகலமாக, மேல்பக்கம் குறுகலாக இருந்தால் இன்றைய நல்ல ஃபோர்க்குகள் எல்லாம் அதில் உட்காரும். மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கும் பழைய பாணிக் குழாயில் அவற்றில் பெரும்பாலானவை உட்காராது. காற்று ஃபோர்க் ஆசை அங்கேயே முடிந்தது.

பின்சக்கரம் மாட்டும் இடம் அடுத்தது. மெல்லிய கம்பியை லீவரால் இறுக்கும் பழைய முறையில் அகலம் 135 மில்லிமீட்டர். ஃப்ரேமின் துளைக்குள் தடித்த ஆக்ஸிலைத் திருகிச் செருகும் முறையில் 142, அதற்குப் பிறகு வந்த 'பூஸ்ட்' அளவில் 148. இப்போது வரும் நல்ல சக்கரங்கள் பெரும்பாலும் 148-க்கே செய்யப்படுகின்றன. பழைய அளவு ஃப்ரேம்கள் மலிவாக வருவதற்கு இதுதான் காரணம். உடனே வாங்கி உடனே ஓட்ட அது லாபம். மூன்று வருஷம் கழித்துச் சக்கரம் தேடும்போது அலைச்சல். தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

பெடல் அச்சு உட்காரும் பிபி கூட்டில் மரை இருக்கிறதா, அல்லது பேரிங்கை அழுத்திச் செருகும் முறையா என்றும் கேட்டுவிட வேண்டும். அழுத்திச் செருகும் முறைக்குத் தனிக் கருவி வேண்டும். மரை போட்டதென்றால் விருத்தாசலத்தில் இருக்கும் ஓர் அனுபவசாலி மெக்கானிக்கே அதற்கான ஸ்பேனரை வாங்கி வைத்துக் கழற்றி மாட்டிவிடுவார். மழையும் சேறும் உள்ள ஊருக்கு மரைதான் தோது.

சேறு என்றதும் இன்னொன்று. பின்பக்கக் குழாய்களுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? டயர் மாட்டிய பிறகும் ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல் நுழைய வேண்டும். களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றால், ஒரு கிலோ ஃப்ரேமையும் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அப்பிய களிமண்ணே பல கிலோ வரும் என்பது வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே சைஸ். கடையில் எந்த சைஸ் இருக்கிறதோ அதையே 'வளர்ற பையன் சார், சரியா இருக்கும்' என்று தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. பள்ளி யூனிஃபார்முக்கு அது சரி. ரேஸ் சைக்கிளுக்குச் சரிவராது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்குப் பெரும்பாலான கம்பெனிகளில் ஸ்மாலோ மீடியமோதான் பொருந்தும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அவர்கள் தரும் உயர அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பெரிய ஃப்ரேமில் எட்டி எட்டிப் பிடித்து ஓட்டினால் முதுகும் மணிக்கட்டும் வலிக்கும், இறக்கத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. ஃப்ரேமில் மாற்றவே முடியாத விஷயம் அது.

மலிவு கார்பன், பழைய கார்பன்

இணையத்தில் புகழ்பெற்ற பிராண்டுகளின் ஸ்டிக்கரோடு நம்ப முடியாத விலையில் கார்பன் ஃப்ரேம்கள் கண்ணில் படும். உலகத்தின் ரேஸ் ஃப்ரேம்களில் பெரும்பகுதி தைவானிலும் சீனாவிலும்தான் உருவாகிறது. 1972-ல் தைவானில் தொடங்கிய ஜயன்ட் நிறுவனமே முதலில் அடுத்தவர் பெயருக்குச் சைக்கிள் செய்து கொடுத்துத்தான் வளர்ந்தது. அதனால் பெயர் தெரியாத ஃப்ரேம் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால், அடுத்தவர் பெயரைப் போலியாக ஒட்டிக்கொண்டு வருவதை நம்ப ஒரு காரணமும் இல்லை. அலாய் விரிசல் விட்டால் பெரும்பாலும் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும். கார்பன் வெளியே பளபளவென்று இருந்து உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அது முறிந்தால் உடைவது ஃப்ரேம் மட்டும் இல்லை. பழைய கார்பனை வாங்கும்போதும் இதே ஆபத்து உண்டு. நாணயத்தால் தட்டிப் பார்த்து, சத்தம் 'டக்' என்று கெட்டியாக இல்லாமல் மந்தமாக வரும் இடத்தைச் சந்தேகப்படுவார்கள் அனுபவசாலிகள். அது முதல் சோதனைதான், முடிவான சான்று அல்ல. பழைய அலாய் ஃப்ரேம் என்றால் வெல்டிங் ஓரங்களையும், சீட் குழாயின் கழுத்தையும், முன்குழாயின் அடிப்பக்கத்தையும் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மயிரிழை அளவு கோடு இருந்தாலும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து வரும் சைக்கிளுக்கான சுங்க வரி, 2023 பட்ஜெட்டில் 30-ல் இருந்து 35 சதவீதமாக ஏறியது. அதே சமயம், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி 12-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 50,000 ரூபாய் அடக்க விலை உள்ள வண்டியில் இந்த 7 சதவீதம் என்பது 3,500 ரூபாய். ஹெல்மெட்டும் கையுறையும் அதிலேயே வந்துவிடும். பில் போடும்போது எந்த வரி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் இருந்து வண்டியை வெளியே எடுக்கும் முன்பு ஒரு சின்னச் சாமான் கேட்டு வாங்க வேண்டும். பின்பக்க கியர் டிரெயிலரை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு. 'ஹேங்கர்' என்பார்கள். வண்டி வலப்பக்கம் விழுந்தால் ஃப்ரேம் தப்பிக்கட்டும் என்று அதுதான் முதலில் வளையும், உடையும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். விலை சில நூறு ரூபாய். ஆனால், ஒரு மாடலின் ஹேங்கர் இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது, அவசரத்துக்கு உள்ளூரில் கிடைக்கவும் கிடைக்காது. இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை ரேஸுக்குக் கொண்டுபோகும் பையிலும் போட்டுவைக்க வேண்டும்.